பழைய லாரியின் பிரேக் விளக்குச் சுவிட்ச்: எண்ணெயிலா, பெடலிலா?

1948-ஆம் வருஷத் தொடக்கத்தில் அமெரிக்காவின் போர்டு கம்பெனியார் எப்-1 என்ற பெயரோடு வெளியிட்ட சிறு லாரியும், 1953-இல் அதன் ஸ்தானத்துக்கு வந்து 1956 வரை விற்பனையான எப்-100 லாரியும், அத்தேசத்தின் பண்ணைகளிலும் சிற்றூர்களிலும் உழைத்து ஓய்ந்தபின், புராதன வண்டிகளைப் போற்றும் அன்பர் பலருடைய கொட்டகைகளில் இன்று மறுபிறவி எடுத்து வருகின்றன. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதிலும், ஆதியில் இருந்த வர்ணத்தைத் தேடிப் பிடிப்பதிலும், பின்புறத் தொட்டிக்கு மரப்பலகை இழைத்துப் பொருத்துவதிலும் மாதக்கணக்கில் செலவிடுகிற ஒருவர், ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் குழாய்கள் புறப்படும் இணைப்பில் கட்டைவிரல் அளவாகத் திருகப்பட்டிருக்கும் ஒரு சுவிட்சைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. பின்னால் வந்த வண்டிக்காரர் ஒருவர் இறங்கிவந்து, “உங்கள் வண்டியில் பிரேக் விளக்கு எரியவில்லையே” என்று சொல்லும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. அப்போதும் அவர் சொல்லி அறிந்தது பாக்கியமே. சொல்லாமல் மோதி அறிவித்திருக்கவும் கூடும்.

அந்தச் சுவிட்ச் பழுதானால் அதே ஜாதியில் புதிதொன்றை வாங்கித் திருகுவதா, அல்லது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அந்த முறையையே விட்டுவிட்டுப் பெடலின் அசைவால் இயங்கும் சுவிட்சாக மாற்றிக்கொள்வதா, மாற்றுவதானால் எங்ஙனம் மாற்றுவது என்பவை பழைய லாரி வைத்திருப்போரிடையே ஓயாத விவாதத்துக்கு உரியவை. இவற்றைச் சரித்திரம், யந்திர அமைப்பு, மின்சார நியாயம், அனுபவம் என்ற நான்கு வழிகளாலும் நோக்கி, என் அபிப்பிராயம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுவது இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியின் வேகத்தைக் குறைக்கப்போகிறேன் என்பதைப் பின்னால் வருபவனுக்கு அறிவிக்கும் கடமை முதலில் ஓட்டுநருடைய கையையே சார்ந்திருந்தது. இடப்பக்கம் அமர்ந்து ஓட்டும் அமெரிக்கர் இடக்கையை ஜன்னலுக்கு வெளியே கீழ்நோக்கித் தொங்கவிட்டனர். வலப்பக்கம் அமரும் நம்மவர் வலக்கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தனர். பிளாரன்ஸ் லாரன்ஸ் என்ற சினிமா நடிகை, பெடலை மிதித்தால் வண்டியின் பின்புறத்தில் ‘நில்’ என்று எழுதிய பலகை எழும்பும்படி 1914-ஐ ஒட்டி ஓர் உபாயம் செய்தார் என்று மோட்டார் சரித்திரம் எழுதுவோர் கூறுவர். மின்சார விளக்கு வந்தபின், கம்பிகளாலும் தண்டுகளாலும் இயங்கிய அக்காலத்துப் பிரேக்கில் ஒரு சுவிட்சைக் கட்டிவிடுவது எளிதாயிற்று. பெடலோடு சேர்ந்து நகரும் ஏதாவது ஒரு தண்டிலிருந்து ஒரு சுருள்வில்லை இழுத்துச் சுவிட்சில் மாட்டினால் போதும். ஆகவே, பெடலால் இயங்கும் சுவிட்ச் என்பது நவீனர் கண்டுபிடித்த மாற்று அன்று, அதுவே மூத்தது. இதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், சம்பிரதாயத்தின் பெயரால் எழும் ஆட்சேபங்களில் பாதி அடங்கிவிடும்.

திரவ அழுத்தத்தால் பிரேக் பிடிக்கும் முறையை மால்கம் லாக்ஹீட் என்பார் 1917-இல் பதிவுரிமை பெற்று வளர்த்தார். 1921-இல் டியூசன்பர்க் காரிலும், 1924-இல் கிரைஸ்லர் காரிலும் நான்கு சக்கரங்களுக்கும் அது வந்தது. செவ்ரலே 1936-இல் ஏற்றுக்கொண்டது. தண்டுப் பிரேக்கை எளிதில் கைவிட மனமில்லாதிருந்த போர்டு கம்பெனி 1939-இல்தான் இணங்கியது. பிரேக் திரவத்தின் வழியாக நிகழத் தொடங்கியதும், சுவிட்சையும் திரவத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம் என்ற எண்ணம் பிறந்தது. அதில் தொழிற்சாலைக்கு இருந்த சௌகரியம் பெரிது. துளையில் சுவிட்சைத் திருகி இரண்டு வயரை மாட்டினால் வேலை முடிந்தது. பெடலோடு பொருந்துகிறதா என்று அளக்கவேண்டியதில்லை, பிற்பாடு சரிசெய்யவேண்டியதுமில்லை. ஓட்டுநனுக்கு இதனால் விசேஷ நன்மை கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதன் அமைப்பு எளியது. உலோகக் கிண்ணம் ஒன்று; அதன் அடியில் பிரேக் திரவம் புகுவதற்குத் துளை; திரவத்துக்கும் மின்சாரப் பகுதிக்கும் இடையே மெல்லிய சவ்வு; சவ்வுக்கு மேலே ஒரு வில்லால் விலக்கி வைக்கப்பட்ட தொடுமுனைத் தகடு. பெடலை மிதித்தால் அழுத்தம் ஏறுகிறது, சவ்வு உப்புகிறது, தகடு போய் இரண்டு முனைகளையும் இணைக்கிறது, விளக்கு எரிகிறது. டிரம் பிரேக்கில் பெடலை விட்ட பின்னரும் வீல் சிலிண்டரின் ரப்பர்கள் தளர்ந்துவிடாதபடி சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் குழாயில் எஞ்சியிருக்கும்படி ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். அந்த எஞ்சிய அழுத்தத்தில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கக் கூடாதாகையால் சுவிட்சின் வில்லைக் கொஞ்சம் பலமாகவே அமைக்க வேண்டியிருக்கிறது. சாதாரணமாக 60 முதல் 120 பவுண்டு அழுத்தம் வரை ஏறினால்தான் அது இசைகிறது.

குறை இந்த இடத்திலேயே தொடங்குகிறது. நெடுஞ்சாலையில் முன்னே கூட்டம் தென்படும்போது நல்ல ஓட்டுநர் பெடலை அமுக்கமாட்டார். பாதத்தை அதன்மேல் வைத்து மெல்லத் தொடுவார். வேகம் குறையத் தொடங்கும் அந்த முதற்கணத்தில் குழாயின் அழுத்தம் சுவிட்சின் வில்லை வெல்லும் அளவுக்கு ஏறியிராது. விளக்கு எரியாமலே வண்டி தளர்கிறது. சுவிட்ச் மூப்படைய அடைய, தொடுமுனைகள் கருகக் கருக, இன்னும் அதிக அழுத்தம் வேண்டியிருக்கிறது. இறுதியில் ஓங்கி மிதித்தால் மட்டும் எரிகிற நிலை வந்துவிடுகிறது. இது ஒரே நாளில் நேரிடும் பழுதானால் உடனே தெரியும். சிறிது சிறிதாக வருவதாலும், ஓட்டுநன் தன் பின்விளக்கைத் தான் பார்க்க முடியாதாகையாலும் வெகுகாலம் மறைந்திருக்கிறது. கொட்டகையில் வைத்துப் பரீட்சை செய்பவர் பலமாக மிதித்துப் பார்த்து, எரிகிறது என்று திருப்தியடைந்து விடுகிறார்.

சவ்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதியில் பிரேக் திரவம் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்ததாக இருந்தது. நம் பட்டறைகளில் இன்றும் வழங்கும் ‘பிரேக் ஆயில்’ என்ற பெயர் அந்தக் காலத்துக்கு முற்றிலும் பொருந்தும். பிற்காலத்தில் கிளைக்கால் சேர்மங்கள் வந்தன. இவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பவை. ஈரம் சேரச் சேர உலோகத்தை உள்ளிருந்தே அரிப்பவை. அதற்கு அஞ்சி, வருஷத்தில் பெரும்பகுதி நின்றபடியே இருக்கும் பழைய வண்டிகளுக்குச் சிலிக்கோன் திரவத்தைப் பலர் ஊற்றுகின்றனர். அது ஈரத்தை ஈர்ப்பதில்லை, வர்ணத்தைக் கெடுப்பதில்லை என்பவை மெய்யே. ஆனால் அதை ஊற்றிய வண்டிகளில் அழுத்தச் சுவிட்சுகள் சில மாதங்களிலேயே செயலற்றுப் போகின்றன என்பது பழைய வண்டிக்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் ஒருமுகமாகக் கூறும் அனுபவம். சிலிக்கோன் நுண்ணளவில் சவ்வைக் கடந்து தொடுமுனைகளை அடைந்தால், அங்கே எழும் தீப்பொறியில் அது மணலுக்கு நிகரான மின்கடத்தாப் படலமாக மாறிவிடும் என்பதே இதற்குக் கூறப்படும் காரணங்களில் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆகவே சிலிக்கோன் திரவத்தைத் தேர்ந்தவர் அழுத்தச் சுவிட்சையும் கூடவே வைத்துக்கொள்வது பொருந்தாது; இரண்டில் ஒன்றை விட வேண்டும்.

சவ்வு கிழிந்தால் நேர்வது இதனினும் பெரிய அபாயம். 1967, 1968 அளவில்தான் அமெரிக்க வண்டிகளில் பொதுவாக முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனியாகத் திரவ வழி பிரிந்தது. அதற்கு முந்திய எப்-1, எப்-100 லாரிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழி; எந்த இடத்தில் ஒழுகினாலும் பிரேக் முழுவதும் போய்விடும். விளக்கு எரிவதற்காக வைத்த ஒரு சிறு பொருளின் சவ்வை நம்பி நான்கு சக்கரங்களின் பிரேக்கும் இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், அத்துளையை உறுதியாக அடைத்துவிட வேண்டும் என்ற விருப்பம் தானாகவே எழும்.

இது கற்பனை அச்சம் அன்று என்பதற்குப் பிற்காலத்துச் சம்பவம் ஒன்று சான்றாகும். அதே போர்டு கம்பெனியார் 1990-களில் வேகத்தைத் தானே ஒரே நிலையில் வைத்திருக்கும் சாதனத்தை, பிரேக் பிடித்ததும் விடுவிப்பதற்காகப் பல கார்களிலும் லாரிகளிலும் மாஸ்டர் சிலிண்டரை ஒட்டி ஓர் அழுத்தச் சுவிட்சைப் பொருத்தினர். அது பிரேக் விளக்குச் சுவிட்ச் அன்று. ஆனால் திரவம், சவ்வு, சாவியை எடுத்த பின்னும் மின்சாரம் இருக்கும் தொடுமுனை என்ற மூன்றும் அதில் இருந்தன. சவ்வு விரிசல்விட்டு, திரவம் மின்சாரப் பகுதியில் புகுந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளும் தீப்பற்றின. 1999 முதல் 2009 வரை தவணை தவணையாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்ய நேர்ந்தது. அரை நூற்றாண்டு கழித்து, அதனினும் உயர்ந்த சவ்வுப் பொருளைக் கொண்டு செய்ததற்கே அக்கதியென்றால், இன்று ஏதோ ஒரு பட்டறையில் மலிவாகத் தயாராகி வரும் பழைய மாதிரிச் சுவிட்சுகளிடம் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

இனி மின்சாரத்தின் நியாயம். 1955 வரையில் வந்த போர்டு லாரிகள் 6 வோல்ட் பேட்டரியும், நேர்முனையை வண்டியின் உடலோடு இணைத்த எர்த்தும் கொண்டவை. 1956-இல்தான் 12 வோல்ட்டும் எதிர்முனை எர்த்தும் வந்தன. 6 வோல்ட்டுக்குரிய 1154 என்ற எண்ணுள்ள பல்பில் பிரேக் இழை சுமார் 2.6 ஆம்பியர் கொள்ளும். 12 வோல்ட்டின் 1157 பல்பில் அது 2.1 ஆம்பியர். இரண்டு விளக்குகளானால் முதல் வகையில் ஐந்து ஆம்பியருக்கு மேலும், இரண்டாவதில் நாலுக்குச் சற்று மேலும் அந்தச் சிறு சுவிட்சின் வழியாகவே செல்கின்றன. எரியாத இழை குளிர்ந்திருப்பதால் முதற்கணத்தில் அது ஏறக்குறைய பத்து மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் தொடுமுனையில் ஒரு சிறு பொறி பறக்கிறது. தொடுமுனை கருகுவதற்கு இதுவே காரணம்.

கருகியதன் பலன் விளக்கின் பிரகாசத்தில் தெரிகிறது. இழைப் பல்பின் ஒளி, வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் மூன்றரை அடுக்கு விகிதத்தில் குறைகிறது. சுவிட்சிலும் வயரிலும் எர்த்திலுமாக அரை வோல்ட் வீணானால், 12 வோல்ட் வண்டியில் ஒளியின் ஏழில் ஒரு பங்கு போகும். 6 வோல்ட் வண்டியில் நாலில் ஒரு பங்கு போய்விடும். ஒரு வோல்ட் வீணானால் 6 வோல்ட் விளக்கு கிட்டத்தட்டப் பாதியாக மங்கும். பழைய லாரிகளின் பிரேக் விளக்கு பகலில் தெரிவதில்லை என்று குறை கூறுவோர் பல்பைப் பழிக்கின்றனர். பெரும்பாலும் குற்றம் பல்பினுடையது அன்று.

ஆதலால், சுவிட்ச் எவ்வகையாயினும், அதன் பாரத்தைக் குறைக்க ஒரு ரிலே வைத்துக்கொள்வது மிகச் சிறந்த காரியம். ரிலேயின் சுருளுக்கு ஆம்பியரில் சிறு பின்னமே போதும். சுவிட்ச் அதை மட்டும் ஏவ, பேட்டரியிலிருந்து தடித்த வயரில் வரும் மின்சாரம் ரிலேயின் உறுதியான முனைகள் வழியே விளக்குக்குப் போகிறது. 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் சுருளுள்ள ரிலேயே வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 12 வோல்ட் ரிலே அங்கே ஒரு நாள் இழுக்கும், மறுநாள் இழுக்காது. உள்ளே டயோடு வைத்த ரிலேயை நேர்முனை எர்த்துள்ள வண்டியில் திசை மாற்றிக் கொடுத்தால் அது உடனே கெடும். பிரேக் விளக்கின் மின்சாரம் சாவியைச் சாராமல் எப்போதும் இருப்பதாகையால், பேட்டரியிலிருந்து புறப்படும் இடத்திலேயே பியூஸ் ஒன்று அவசியம். இழைப் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கு வைப்பவர்களும் இருக்கின்றனர். மின்சாரச் சிக்கனத்துக்கும் பிரகாசத்துக்கும் அது உயர்ந்ததே. ஆனால் நேர்முனை எர்த்துக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும், திரும்பும் சைகை விளக்கைச் சிமிட்டவைக்கும், வெப்பத்தால் இயங்கும் பழைய பிளாஷரும் அந்தச் சொற்ப மின்சாரத்தில் சிமிட்டாது.

மாற்றுவதற்கு முன்னால், பழுது சுவிட்சில்தான் இருக்கிறது என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்த்து, விளக்கு எரிந்தால் குற்றம் சுவிட்சுடையது. எரியாவிட்டால் பியூசையும் வயரையும் பல்புக் குழியின் துருவையும் எர்த்தையும் தேடிப் போக வேண்டும். எர்த்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நல்லதன்று. புதிதாக வர்ணம் பூசிய லாரிகளில், விளக்கின் தாங்கியும் வண்டியின் உடலும் தொடும் இடமெல்லாம் அழகிய வர்ணம் ஏறி மின்சாரத்தின் திரும்பும் வழியை அடைத்திருக்கும். பின்விளக்கிலிருந்து சட்டத்துக்குத் தனி வயர் ஒன்று ஓட்டிவிட்டால் பல மர்மங்கள் தீர்ந்துபோகும்.

அதே ஜாதிச் சுவிட்சை வைப்பதென்று தீர்மானித்தவருக்கு வேலை சுருக்கமானது. இதன் மரை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, அங்குலத்துக்கு 27 சுற்றுக் கொண்ட, நுனி நோக்கிக் குறுகும் குழாய் மரை. குறுகிய அமைப்பினாலேயே ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும். டெப்லான் நாடா சுற்றுவது வேண்டாத காரியம். அதன் நூலிழை பிய்ந்து திரவத்தில் கலந்தால் மாஸ்டர் சிலிண்டரின் நுண் துவாரங்களை அடைக்கக்கூடும். புதியதைக் கையில் ஆயத்தமாக வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றி உடனே திருகினால் திரவம் சில துளிகளே சிந்தும். ஆயினும் காற்றுப் புகுந்திருக்கும் என்றே கருதி, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுத்துவிடுவதே முறை. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் வேலை முடியவில்லை என்று பொருள்.

பெடலால் இயங்கும் சுவிட்சுக்கு மாறுவதில்தான் சிந்தனைக்கு அதிக இடம் இருக்கிறது. 1957-இல் வந்த எப்-100 முதல் பெடல் மேலிருந்து தொங்கும்படி அமைந்ததால், சுவிட்சை டாஷ்போர்டின் கீழே மழையும் சேறும் படாத இடத்தில் வைக்கலாம். அதற்கு முந்தியவற்றில் பெடலின் கை தரையைத் துளைத்துக் கீழே சென்று, சட்டத்தின் பக்கத்தில் அச்சில் சுழல்கிறது; மாஸ்டர் சிலிண்டரும் அங்கேயே இருக்கிறது. சுவிட்சையும் அங்கே சேற்றுக்கும் நீருக்கும் நடுவில்தான் வைக்க வேண்டியிருக்கும், அல்லது தரைக்கு மேலே பெடலின் கை தோன்றும் சொற்ப இடத்தில் ஒரு தாங்கி அமைத்துக்கொள்ள வேண்டும்.

சுவிட்சுகளில் பெரும்பாலோர் நாடுவது குச்சி வகை. பெடல் ஓய்ந்திருக்கையில் அதன் கை குச்சியை உள்ளே தள்ளி மின்சாரத்தைத் துண்டித்து வைக்கிறது. பெடல் நகர்ந்ததும் குச்சி வெளியே வந்து இணைப்புண்டாகிறது. மலிவானது, எங்கும் கிடைப்பது, பாதம் தொட்ட மாத்திரத்தில் விளக்கை ஏற்றுவது. இரண்டாவது, பழைய தண்டுப் பிரேக் நாளிலிருந்து வரும் இழுப்பு வகை. பெடலின் கையிலிருந்து சுருள்வில் ஒன்று சுவிட்சின் நாக்கை இழுக்கும். மூன்றாவது, தொங்கு பெடல் வண்டிகளில் போர்டு கம்பெனியாரே கையாண்டது; பெடலின் முளைக்கும் புஷ் ராடின் கண்ணுக்கும் நடுவே உட்கார்ந்து, புஷ் ராடு முளையை அழுத்தும்போது இசைவது. நுட்பமான ஏற்பாடுதான், ஆயினும் அதற்குரிய முளையும் கண்ணும் இல்லாத எப்-1 லாரிக்கு அதைப் பொருத்துவது வீண் சிரமம். உருளைக் கை வைத்த மைக்ரோ சுவிட்சும் உண்டு. அது ரிலேயோடு சேர்ந்தால் நன்றாகவே உழைக்கும், நீர் புகாத உறையுள்ளதாக மட்டும் தேட வேண்டும்.

இவற்றில் எதை வைத்தாலும் ஒரே ஒரு விஷயத்தில் கொஞ்சமும் கவனக்குறைவு கூடாது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவனவற்றுள் முக்கியமானதும் அதுவே. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கிய நிலையில், அதன் முன்னேயுள்ள மிக நுண்ணிய துவாரம் ஒன்று திறந்து, குழாயிலுள்ள திரவத்துக்கும் மேலே சேமித்திருக்கும் திரவத்துக்கும் தொடர்பு ஏற்படுத்துகிறது. ஓட்டத்தில் டிரம் சூடேறி, திரவம் விரியும்போது, மிகுதியானது அத்துவாரத்தின் வழியே மேலே திரும்பிவிடும். பிஸ்டன் அந்தக் கடைசி மயிரிழை தூரம் பின்வாங்காவிட்டால் துவாரம் மூடியே இருக்கும், விரியும் திரவத்துக்குப் போக்கிடமின்றி அது பிரேக் கட்டைகளைத் தள்ளும், கட்டைகள் உரசும், உரசியதால் சூடு ஏறும், சூடு ஏறியதால் திரவம் மேலும் விரியும். இப்படி ஒன்றையொன்று வளர்த்து, சில மைல்களில் பிரேக் தானே இறுகிப் பிடித்து வண்டியை நிறுத்திவிடும். மலைச்சரிவிலானால் அதற்குள் திரவம் கொதித்து, வேண்டும்போது பிரேக்கே இல்லாமல் போகவும் செய்யும். அதனால்தான் பெடலின் நுனியில் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை வெறும் பிளே இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

குச்சி வகைச் சுவிட்சைக் கொஞ்சம் முன்தள்ளிப் பூட்டிவிட்டால், பெடல் தன் இயற்கையான தடையில் போய் நிற்பதற்கு முன் அந்தச் சுவிட்சின்மேலேயே நின்றுவிடும். விளக்கு மிக ஒழுங்காக எரியும், அணையும். பார்ப்பவருக்குக் குற்றம் தெரியாது. துவாரம் மட்டும் மூடியிருக்கும். வில் தளர்ந்த பெடலைச் சுவிட்சின் குச்சியே பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆகையால் சுவிட்ச் எந்நாளும் பெடலுக்குத் தடையாக நிற்கக் கூடாது. சுவிட்சைக் கழற்றிவிட்டுப் பெடல் எங்கே வந்து நிற்கிறது என்று ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டு, பூட்டிய பின்னரும் அதே கோட்டில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சேமிப்பின் மூடியைத் திறந்து, ஒருவர் பெடலை மெல்லத் தொட, மற்றொருவர் உள்ளே நோக்கினால், துவாரம் திறந்திருக்கும் பட்சத்தில் முதல் தொடுகையில் திரவத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு ஊற்று எழும்புவது தெரியும். அதைக் கண்ணால் காணாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கலாகாது.

இக்காரணத்தாலேயே, எப்-1, எப்-100 போன்ற தரைப் பெடல் வண்டிகளுக்கு நான் இழுப்பு வகையைச் சிறந்ததாகக் கருதுகிறேன். பெடல் ஓய்ந்த நிலையில் அதன் வில் தொய்ந்திருக்கிறது. பெடலைப் பின்னுக்குத் தள்ளுவதுமில்லை, முன்னே நிறுத்துவதுமில்லை. பெடல் எவ்வளவு ஆழம் போனாலும் வில் நீண்டு இடங்கொடுக்கும், சுவிட்ச் உடைவதில்லை. வில்லை ஒரு கண்ணி தளர்த்தியும் இறுக்கியும் விளக்கு எரியும் கணத்தை மாற்றலாம். துருவேறாத வில்லாகப் பார்த்து, அது அறுந்தாலும் பெடலின் வழியில் விழாதபடி மாட்டினால் அச்சத்துக்கு இடமில்லை.

வயரிங்கில் ஒரு நுட்பம் உண்டு. எப்-1 காலத்தில் பிக்கப் லாரிகள் பலவற்றுக்கு இடப்பக்கம் ஒரே பின்விளக்குதான் இயல்பாக வந்தது. திரும்பும் சைகை விளக்கு தனியாக விலைகொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் பொருளாக இருந்தது. அதைச் சேர்த்த வண்டிகளில் பிரேக்குக்கும் திரும்புதலுக்கும் பல்பின் ஒரே இழையே பயன்படுகிறது. பிரேக் சுவிட்சிலிருந்து வரும் வயர் நேரே பின்விளக்குக்குப் போகாமல், ஸ்டியரிங் தண்டிலுள்ள சைகைச் சுவிட்சுக்குள் சென்று, அங்கே இடம் வலம் என்று பிரிகிறது. இதை அறியாமல் புதிய சுவிட்சிலிருந்து பின்விளக்குக்கு நேராக வயர் ஓட்டினால், பிரேக் பிடித்தபடி திரும்புகையில் சிமிட்டல் நின்று இரண்டும் ஒருசேர எரியும். அமெரிக்காவில் கார்களுக்கு 1986 மாதிரியிலிருந்தும் சிறு லாரிகளுக்கு 1994 மாதிரியிலிருந்தும் கட்டாயமான, நடுவில் உயரத்தில் எரியும் மூன்றாவது பிரேக் விளக்கைப் பழைய லாரியிலும் விரும்பிச் சேர்ப்பவர், அதற்குரிய இணைப்பைச் சைகைச் சுவிட்சுக்கு முன்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரையே மாற்றி, முன்பின் வழிகள் பிரிந்த இரட்டைச் சிலிண்டரைப் பொருத்துவோரும் இருக்கின்றனர். பாதுகாப்பை முதன்மையாகக் கருதினால் இதனினும் நல்ல மாற்றம் வேறில்லை. அங்கே ஒரு வழியில் மட்டும் அழுத்தச் சுவிட்ச் வைத்தால், அவ்வழி ஒழுகும் நாளில், எஞ்சிய பாதிப் பிரேக்கோடு வண்டி தடுமாறி நிற்கும்போது, விளக்கும் எரியாது. எந்த நாளுக்காக இரண்டு வழிகள் வைத்தோமோ அந்த நாளிலேயே பின்னால் வருபவனுக்கு எச்சரிக்கை இல்லாமற்போகும். பெடல் சுவிட்சுக்கு எந்த வழி பழுதானாலும் ஒன்றுதான். கால் நகர்ந்தது, விளக்கு எரிந்தது.

சிலர் இரண்டையும் வைத்துக்கொண்டு, பழைய அழுத்தச் சுவிட்சையும் புதிய பெடல் சுவிட்சையும் இணையாகக் கோத்து, ஒன்று தவறினாலும் மற்றொன்று எரிக்கும் என்று சமாதானம் கூறுவர். மின்சார நியாயத்தில் அது சரி. ஆனால் ஒழுகக்கூடிய சவ்வு அங்கேயே இருக்கிறது. சிலிண்டரின் துளையைப் பித்தளை அடைப்பால் மூடிவிடுவதே தீர்வு. கண்காட்சிகளில் ஆதி அமைப்பு மாறாத வண்டிக்கே பெருமை என்று எண்ணுவோருக்கு என் மறுமொழி இதுதான்: தாங்கியைச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் பூட்டுங்கள், புதிய துளை போடாதீர்கள், பழைய சுவிட்சை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு முதல் நாள் அரைமணி வேலையில் அதைத் திருப்பி வைத்துவிடலாம். வருஷம் முழுவதும் லாரியில் ஏற்றியே கொண்டுசெல்லப்பட்டு, ஒரு நாளும் நெடுஞ்சாலையில் ஓடாத வண்டிக்கு மட்டும் ஆதிச் சுவிட்சே இருக்கலாம். அதில் எனக்கு விவாதமில்லை.

நம் நாட்டிலும் இப்பிரச்சினைக்கு இடமுண்டு. 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் பரம்பரை இதே வகை அழுத்தச் சுவிட்சோடுதான் வந்தது. அந்த ஜீப்புகள் நம் மலைப்பாதைகளில் இன்றும் ஓடுகின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் மெல்ல மெல்லப் பெடலைத் தொட்டுத் தொட்டு இறங்குவதே அங்கே ஓட்டும் முறையாதலால், அழுத்தம் ஏறிய பின்பே எரியும் விளக்கின் குறை சமவெளியைவிட அங்கேதான் அதிகம். காற்றுப் பிரேக் வைத்த பெரிய லாரிகளின் சுவிட்ச் வேறு இனம். அதை இங்கே சேர்க்கவில்லை.

ஆகவே, ஒரே திரவ வழியுள்ள பழைய லாரி சாலையில் ஓடுவதானால், அழுத்தச் சுவிட்சை நீக்கித் துளையை அடைத்து, இழுப்பு வகைப் பெடல் சுவிட்சும் ரிலேயும் பியூசும் வைத்துக்கொள்வதே என் துணிபு. எதை வைத்திருந்தாலும், பழைய வண்டி உடையவர்கள் இன்று இரவே ஒரு சுவரை ஒட்டி வண்டியைப் பின்புறமாக நிறுத்தி, பெடலைக் காலால் மிதியாமல் கைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிளே தீருமுன் சுவரில் செந்நிறம் படியாவிட்டால், விடிந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை அதுவே.